வானில் இரண்டு விடியல்

இலங்கையில் காலி நகருக்கு அப்பால், கொக்கல ஏரிக்கரையில் நின்றபோது நம்பவே முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் பேர்த் நகரிலிருந்து புறப்பட்ட விமானங்கள் இந்த அமைதியான நீரிலா வந்து இறங்கின?

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. ஆஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த வான்வழி அறுந்தது. 1943 நடுப்பகுதியில் குவாண்டாஸ் நிறுவனம் ஐந்து கற்றலினா கடல்விமானங்களைக் கொண்டு அதை மீண்டும் முடிச்சுப் போட்டது. பேர்த்திலிருந்து கொக்கல வரை, எங்கும் தரிக்காமல் சுமார் 5,650 கிலோமீட்டர். இன்றைய ஜெட் ஏழு மணி நேரத்தில் கடக்கும் தூரம். அன்றைய விமானிகளுக்கோ 27 முதல் 33 மணி நேரம் பிடித்தது. எரிபொருளே பெரும் பாரம். அதனால் மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும்தான் இடம். எதிரியின் காதில் விழுந்துவிடக் கூடாதென்று வானொலியில் பேசமாட்டார்கள். நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டார்கள். கையில் ஆயுதமில்லை, கீழே கடல் மட்டும். நினைத்தால் எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது. ஒரே பயணத்தில் இரண்டு விடியல் கண்ட பயணிகளுக்குச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்.

1945 ஜூலை வரை 271 தடவை கடந்தார்கள். ஒரு விமானமும் விழவில்லை. போர் முடிந்தபின் அந்த ஐந்தையும் ஆஸ்திரேலியக் கடலிலேயே மூழ்கடித்தார்கள்.