மூழ்கிய கப்பலும் மீண்ட கண்ணாடித் தட்டுகளும்

1915 அக்டோபர் 27 அன்று, அண்டார்க்டிகாவின் வெடல் கடலில் உறைபனியில் சிக்கி நொறுங்கிக்கொண்டிருந்த 'எண்டூரன்ஸ்' கப்பலைக் கைவிடுமாறு எர்னஸ்ட் ஷாக்கிள்டன் ஆணையிட்டார். 28 பேரும் பனிப்பாளத்தின்மேல் கூடாரம் அடித்தனர். அவர்களுள் ஒருவர் ஆஸ்திரேலியரான ஃபிராங்க் ஹர்லி. குழுவின் புகைப்படக் கலைஞரான அவர், கையால் சுழற்றும் திரைப்படக் கேமராவையும் இயக்கினார்.

அந்நாளில் ஒரு படத்துக்கு ஒரு கண்ணாடித் தட்டு வேண்டும். கனமானது, எளிதில் உடையக்கூடியது. அத்தகைய தட்டுகளைக் கொண்டே, துருவ இரவின் இருட்டில் கப்பலைச் சுற்றிப் பல இடங்களில் ஒளிப்பொடியைக் கொளுத்தி, பேய்க்கப்பல் போன்ற அந்தப் புகழ்பெற்ற படத்தை ஹர்லி எடுத்தார்.

கப்பலைக் கைவிட்டபோது, எடுத்த தட்டுகள் உள்ளேயே தங்கிவிட்டன. சில நாள்களில் ஹர்லி உருக்குலைந்த கப்பலுக்குத் திரும்பினார். உணவு வைக்கும் குளிர் அறையின் தடித்த சுவரை வெட்டித் திறந்தார். சுமார் நான்கடி ஆழத்துக்குப் பனிக்கூழ் நிறைந்திருந்தது. மேலாடையைக் களைந்துவிட்டு அதனுள் மூழ்கிப் பெட்டிகளை வெளியே இழுத்தார். தகரத்தால் பற்றவைத்து மூடியிருந்ததால் தட்டுகள் நனையவில்லை.

ஆனால் அனைத்தையும் சுமக்க வழியில்லை. ஒருவருக்கு இரண்டு பவுண்டு சொந்தப் பொருள் மட்டுமே என்பது விதி. பயணத்தின் கடனை அடைக்கப் படங்களும் திரைப்படமும் தேவை என்பது ஷாக்கிள்டனுக்குத் தெரியும். எனவே இவற்றுக்கு விலக்கு அளித்தார். இருவரும் பனியில் அமர்ந்து தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தனர். ஏறக்குறைய 120 தேறின. ஏனைய 400-ஐ ஒட்டிய தட்டுகளை அங்கேயே உடைத்தனர். பிறகு மனம் மாறி எடுக்க வழி இருக்கக்கூடாது அல்லவா? இப்பயணத்தைப் பற்றி இன்று நாம் காண்பது, அன்று அந்த இருவர் தேர்ந்தவற்றைத்தான். கேமராக்களையும் விட்டுவிட்டு, ஒரு சிறிய கோடாக் கேமராவையும் மூன்று பிலிம் சுருள்களையும் மட்டும் ஹர்லி வைத்துக்கொண்டார்.

நவம்பர் 21 அன்று கப்பல் மூழ்கியது. 1916 ஆகஸ்ட் 30 அன்று எலிஃபன்ட் தீவிலிருந்து 22 பேர் மீட்கப்பட்டபோது, தட்டுகளும் உடன் வந்தன. திரைப்படம் 'சவுத்' என்ற பெயரில் 1919-இல் வெளியானது.

இவ்வளவு பாடுபட்டுக் காத்த படங்களை அவர் அப்படியே விட்டுவிடவில்லை என்பது வியப்பு. உதவி தேடி ஆறு பேர் படகில் புறப்பட்ட காட்சியைத் திருத்தி, மீட்புக் காட்சியாகவே வெளியிட்டார். வரலாற்று மாணவர் இப்படங்களைச் சான்றாகக் கொள்ளுமுன் மூலத் தட்டுடன் ஒப்பிட வேண்டும். மூலங்கள் இலண்டனின் ராயல் புவியியல் கழகத்திலும் சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்திலும் உள்ளன. கப்பல் 2022 மார்ச்சில் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டறியப்பட்டது.