திரைப்பாடல் உரிமையும் ராயல்டிப் பங்கீடும்

ஒரு திரைப்பாடலுக்குள் மூன்று சொத்துகள் இருக்கின்றன. எழுதிய வரி சட்டத்தின் கண்ணில் இலக்கியப் படைப்பு. மெட்டு இசைப் படைப்பு. இவை இரண்டும் பாடகரின் குரலோடு சேர்ந்து பதிவான ஒலி மூன்றாவது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் மூன்றையும் தனித்தனியாகவே காக்கிறது. வரிக்கும் மெட்டுக்கும் ஆக்கியவரின் ஆயுளோடு மேலும் 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981-இல்; அந்தக் கணக்குப்படி அவருடைய வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை இருக்கிறது. இந்த உரிமைகளை வாங்கி, பதிந்து, பயன்படுத்துவோருக்கு உரிமம் கொடுத்து, வந்த பணத்தைப் பிரித்துத் தருவதுதான் இசைப் பதிப்பகத்தின் வேலை. மேல்நாடுகளில் ஒலிப்பதிவு நிறுவனமும் பதிப்பகமும் பெரும்பாலும் வேறு வேறு. இந்தியத் திரையிசையில் இரண்டும் ஒரே கையில் இருப்பதே வழக்கம், பழைய எச்.எம்.வி. இசைத்தட்டுகளின் வாரிசான சரிகம நிறுவனம் அதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. இப்படி ஒரே கை இரண்டையும் வைத்திருப்பதால்தான், எழுதியவரின் பங்கைத் தனியாகக் கணக்கு வைக்கும் பழக்கம் இங்கே வேரூன்றவில்லை. பாடலாசிரியருக்கு இன்று சட்டம் போதுமான அளவு இருக்கிறது, பெயர்ப்பதிவுதான் போதவில்லை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேரவே நெடுங்காலம் ஆயிற்று. பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள், பதிப்பாளர்கள் ஆகியோருக்காக ராயல்டி வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்னும் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் 1969-இல் தொடங்கப்பட்டது. அது கட்டண விகிதத்தை அறிவித்ததும் திரைத்துறையினர் எதிர்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1977-இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது: தயாரிப்பாளர் கூலி கொடுத்து எழுதச் சொன்ன பாட்டுக்கு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலன்றி, முதல் உரிமையாளர் அவரே. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதி, பாடகருக்கு உரிமையே இல்லாதிருப்பதைச் சுட்டிக்காட்டினார். அதன்பின் 35 ஆண்டுகள் ஒரு பாட்டுக்கு ஒரு தொகை, அத்தோடு தொடர்பு முடிந்தது என்பதே நடைமுறை. கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையிலும் வெளியிலும் வாதாடியதன் பயனாக, 2012 ஜூன் 21 முதல் திருத்தச் சட்டம் நடப்புக்கு வந்தது. திரையரங்கில் படத்தோடு ஓடுவது நீங்கலாக, பாட்டு வேறு எங்கே பயன்பட்டாலும் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமையாளரோடு சமமான பங்கு உண்டு. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு யாருக்கும் அதை எழுதிக் கொடுக்க முடியாது, எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. வானொலி நிலையங்கள் இதை எதிர்த்து வாதிட்டபோது, 2023 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஆக்கியோர் பக்கமே நின்றது.

அப்படியானால் பணம் எங்கே வழிதவறுகிறது? திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து வத்தலக்குண்டுக்கோ நிலக்கோட்டைக்கோ கிளம்பும் ஒரு தனியார் பேருந்தைப் பார்த்தால் விடை தெரியும். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு பென் டிரைவ் சொருகியிருக்கும். அதில் இருக்கும் கோப்பு ஒவ்வொன்றின் பெயரும் படப் பெயர், இல்லையென்றால் இசையமைப்பாளர் பெயர். மிஞ்சிப்போனால் பாடகர் பெயர். ‘ராஜா ஹிட்ஸ்’ என்று எழுதியிருக்கும் தொகுப்பில் பாட்டெழுதிய வாலியும் வைரமுத்துவும் கங்கை அமரனும் புலமைப்பித்தனும் இருக்கிறார்கள், ஆனால் பெயரில்லாமல் இருக்கிறார்கள். ஊருக்குள் பிரியாணிக் கடையிலும் ஜவுளிக்கடையிலும் ஒலிக்கும் பாட்டுக்கும் இதே கதைதான். உரிமம் எடுத்த கடைக்காரர் ஆண்டுக்கு ஒரு மொத்தத் தொகை கட்டுகிறார். எந்தப் பாட்டு எத்தனை தடவை ஒலித்தது என்று யாரும் குறித்து வைப்பதில்லை. குறிப்பே இல்லாத பணத்தை வேறு இடங்களின் பட்டியலை வைத்துத் தோராயமாகத்தான் பிரிக்க முடியும். அதில் நகரத்துப் புதுப்பாட்டு முந்திக்கொள்ளும், மொபசல் பேருந்தில் 40 ஆண்டுகளாக ஓயாமல் ஒலிக்கும் பாட்டு பின்தங்கும். இதற்கு நேர்மாறானது வானொலி மரபு. திண்டுக்கல் சமவெளி முழுக்கக் கேட்கும் கொடைக்கானல் பண்பலை உள்ளிட்ட அகில இந்திய வானொலி நிலையங்களில், படத்தையும் பாடியவரையும் சொல்லும் அறிவிப்பாளர் எழுதியவரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் நெடுநாளாக உண்டு. மரியாதைக்காகச் சொன்ன அந்த ஒரு வரி, கணக்குப் புத்தகத்தில் ஏறினால் ராயல்டிக்கே ஆதாரம். பதிப்பகம் ஒவ்வொரு படைப்புக்கும் உலகு தழுவிய அடையாள எண் வாங்குவதும், ஆக்கியவர் ஒவ்வொருவரின் பங்கையும் சங்கத்தில் பதிவதும் இதே வேலையைத்தான் செய்கின்றன. பதியாத பெயருக்குச் சிங்கப்பூரிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் பணம் உரிமை கோருவார் இன்றிக் கிடக்கும்.

முதலீடும் நட்டமும் தயாரிப்பாளருடையது, கூலி வாங்கியவருக்கு மறுபடி எதற்குப் பங்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஓடாத படத்துக்கும் பாடலாசிரியர் சம்பளம் வாங்கியிருக்கிறார். ஆனால் சட்டம் திரையரங்கு வசூலைத் தொடவில்லை. படம் பெட்டிக்குள் போன பிறகும் பாட்டு மட்டும் தனியாகச் சம்பாதிக்கிறதே, அந்த வருமானத்தில்தான் பங்கு கேட்கிறது. தயாரிப்பாளரின் பாதி அப்போதும் அவரிடமே இருக்கிறது. இன்னொரு அச்சம், கல்யாண மண்டபத்தில் பாட்டுப் போட்டாலும் பணம் கேட்பார்களே என்பது. சட்டத்தின் 52-ஆம் பிரிவு சமயச் சடங்கு, கல்யாண ஊர்வலம், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டம் ஆகியவற்றுக்கு விலக்கு அளித்திருக்கிறது. 2023 ஜூலையில் ஒன்றிய அரசும் அதை எடுத்துச் சொன்னது. திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவில் அம்மன் வழிபாட்டோடு ஒலிக்கும் பாட்டை யாரும் தடுக்கப்போவதில்லை. டிக்கெட் போட்டு நடத்தும் கச்சேரி வேறு. அங்கே மேடை, விளக்கு, ரேடியோ செட்டு எல்லாவற்றுக்கும் வாடகை கொடுப்பவர்கள் பாட்டுக்கு மட்டும் கொடுக்கத் தயங்குவது முறையாகாது.

மூன்றாவது மறுப்பு கடினமானது: பாட்டு கூட்டு முயற்சி, ஒருவர் மட்டும் எப்படி உரிமை கொண்டாடலாம்? இளையராஜா வழக்குகள் இந்தக் கேள்வியைத் தெருமுனை வரை கொண்டுவந்தன. 2017-இல் எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு அவர் அனுப்பிய அறிவிப்பும், எக்கோ இசைப்பதிவு நிறுவனத்தோடு எழுந்த சுமார் 4,500 பாடல்கள் குறித்த வழக்கும் ஊரறிந்தவை. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குத் தார்மிக உரிமை உண்டு என்றது. 2024-இல் மேல்முறையீட்டு விசாரணையின்போது, பாடலாசிரியரும் இதேபோல் உரிமை கேட்டால் என்ன ஆகும் என்று நீதிபதிகள் வினவினார்கள். அதே ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்தின் மலையுச்சியான கொடைக்கானல் குணா குகையைக் களமாகக் கொண்ட ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்துக்கும் ‘குணா’ படப் பாட்டு ஒன்றை அதில் பயன்படுத்தியதற்காக இளையராஜா தரப்பு அறிவிப்பு அனுப்பியது. உரிமை வைத்திருந்த நிறுவனங்களிடம் அனுமதி பெற்றதாகப் படக்குழு பதில் சொன்னது. ‘குணா’ வெளியானது 1991-இல். அந்தப் பாட்டை எழுதியவர் வாலி, மறைந்தது 2013-இல். நாடு முழுக்க நடந்த விவாதத்தில் அவர் பெயர் எத்தனை தடவை வந்தது? இதே மாவட்டத்தின் காந்திகிராமப் பல்கலைக்கழகம் 2022 நவம்பர் 11 அன்று இளையராஜாவுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கிப் பெருமை பெற்றது. இசையமைத்தவரின் பெயரை ஊர் மறக்கவில்லை. கூட்டு முயற்சி என்பதே பங்கைத் தனித்தனியாக எழுதி வைப்பதற்கான காரணம்: வயலுக்குக் கூட்டுப் பட்டா இருந்தால் பங்காளிகள் அத்தனை பேர் பெயரும் அதில் இருக்கும். பேருந்து நிறுவனமும் கடையும் கச்சேரிக் குழுவும் ஒலித்த பாட்டின் பட்டியலைக் கைப்பேசியிலிருந்தே சங்கத்துக்கு அனுப்ப இன்று வசதி செய்ய முடியும். அந்தப் பட்டியலில் படப் பெயருக்குப் பக்கத்தில், எழுதியவர் பெயருக்கென்று ஒரு கட்டம் வேண்டும்.