சர்க்கரைக்காகப் போன எலும்புகள்

எட்னா எரிமலைக்கு உங்களில் பலர் பள்ளிச் சுற்றுலா போயிருப்பீர்கள். அங்கே 1987இல் இயற்கைப் பூங்கா அமைத்தார்கள். 2013இல் யுனெஸ்கோ அம்மலையை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நம் பலேர்மோவுக்குக் கிழக்கே இருக்கும் மதோனியே மலைகள் யுனெஸ்கோ புவிப்பூங்கா. பாறைகளையும் புதைபடிவங்களையும் அங்கு வாழும் மக்களோடு சேர்ந்து பாதுகாத்து, வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லும் இடத்தைத்தான் புவிப்பூங்கா என்கிறார்கள்.

இப்படிப் பாதுகாத்திருக்க வேண்டிய செல்வம் ஒன்று நம் பிரான்காச்சோவின் பக்கத்திலேயே இருந்தது. மரேடோல்சே கோட்டை உங்களுக்குத் தெரியும். அதற்கு மேலே, கிரிபோனே மலையடிவாரத்தில் சான் சீரோ குகை இருக்கிறது. அங்கே கிடைத்த பெரிய எலும்புகளை அந்தக்காலத்து மக்கள் அரக்கர்களின் எலும்புகள் என்று நம்பினார்கள்.

1830இல் அந்த எலும்புகளுக்கு விலை வந்தது. எலும்பைக் கரியாக்கினால், அந்தக் கரியைக் கொண்டு சர்க்கரைப் பாகின் நிறத்தை நீக்கலாம். அதற்காகக் குகையைத் தோண்டி, எலும்புகளைக் கப்பலில் பிரான்சின் மார்செய் நகருக்கு அனுப்பினார்கள். முதல் ஆறு மாதங்களில் மட்டும் சுமார் 20 தொன் போனது!

1831இல் தொமேனிக்கோ ஷினா என்ற அறிஞர் மரேடோல்சே எலும்புகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். அவற்றில் பெரும்பாலானவை அரக்கர்களுடையவை அல்ல, நீர்யானைகளுடையவை. யானை எலும்புகளும் இருந்தன. பனியுகக் காலத்தில் இந்த மிருகங்கள் சிசிலியில் வாழ்ந்தன என்பதற்கு அவை சாட்சி.

எலும்பு போனது மட்டும் நட்டமல்ல. எந்த எலும்பு எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் எந்த மிருகம் முன்னால் வாழ்ந்தது, எது பின்னால் வந்தது என்று கண்டுபிடிப்பார்கள். மண்வெட்டி அந்த அடுக்குகளையும் கலைத்துவிட்டது. என் வேலையில் ஒரு கோப்பு அழிந்தால் பிரதியிலிருந்து மீட்டுவிடுவோம். மண் அடுக்குக்குப் பிரதி கிடையாது.

தோண்டியவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு அது கூலி வேலை. அந்த எலும்புகள் என்னவென்று அவர்களுக்கு விளக்கிச் சொல்ல யாரும் இருக்கவில்லை. எட்னாவுக்குக் கிடைத்த பாதுகாப்பு இந்தக் குகைக்கு அன்று கிடைக்கவில்லை.

பலேர்மோப் பல்கலைக்கழகத்தின் ஜெம்மெல்லாரோ அருங்காட்சியகத்தில் சிசிலியின் பழைய நீர்யானை, யானை எலும்புகளைப் பார்க்கலாம். கோர்சோ துக்கோரி வீதியில்தான் இருக்கிறது. ஒரு நாள் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நம் வீட்டுக்குப் பக்கத்து மலையின் கதையை இந்தமுறை நீங்கள் அவர்களுக்குச் சொல்லுங்கள்.