ஓய்வுபெற்ற நீதிபதிகளும் கைத்துப்பாக்கி உரிமமும் (அமெரிக்க மாநிலச் சட்டங்கள்)

அமெரிக்காவில், பணி ஓய்வுபெற்ற நீதிபதிகள் கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்வது குறித்து மாநிலச் சட்டமன்றங்கள் வகுத்துள்ள தனி விதிகள். அந்நாட்டில் துப்பாக்கி உரிமம் பெரும்பாலும் மாநிலங்களின் கையில் இருப்பதால் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பணியில் இருக்கும் நீதிபதிக்குச் சலுகை தரப் பதவியே போதுமான காரணமாகிவிடுகிறது. ஓய்வுபெற்றவர் விஷயத்தில்தான் சட்டம் தடுமாறுகிறது. அங்கியைக் கழற்றியதும் பதவி போய்விடும். அவர் தண்டித்தவரின் வஞ்சம் அப்படிப் போய்விடுவதில்லை.

நியூயார்க் மாநிலம் 1911இல் இயற்றிய சல்லிவன் சட்டம் கைத்துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயம் என்றது. அதன் வழிவந்த தண்டனைச் சட்டத்தின் 400ஆம் பிரிவு உரிமங்களை வகைவகையாகப் பிரிக்கிறது. வீட்டுக்காரருக்கு ஒன்று, கடைக்காரருக்கு ஒன்று, வங்கிப் பணம் கொண்டுசெல்வோருக்கு ஒன்று. நியூயார்க் நகரின் சிவில், குற்றவியல் நீதிமன்ற நீதிபதிகளுக்கும் இவற்றில் தனி வகை உண்டு. மற்றவர்கள் 'தக்க காரணம்' காட்ட வேண்டிய காலத்திலும் இவர்களுக்கு அந்த நிபந்தனை இல்லை. ஓய்வுபெற்றவர்களை அந்த வகை குறிப்பிடவில்லை. மாநிலத்தின் பெரும்பாலான ஊரக மாவட்டங்களில் உரிமம் வழங்கும் அதிகாரியே நீதிபதிதான் என்பது இதில் சுவையான முரண். நேற்றுவரை மனுக்களில் கையெழுத்திட்டவர் ஓய்வுக்குப் பின் அதே மேசை முன் மனுதாரராக நிற்க நேரலாம்.

ஓய்வுபெற்றவரைச் சட்டத்தில் பெயர் சொல்லிச் சேர்த்த மாநிலங்களில் டெக்சஸ் குறிப்பிடத்தக்கது. 1991இல் கிலீன் நகர உணவகம் ஒன்றில் 23 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபின் வலுப்பெற்ற கோரிக்கையின் விளைவாக, 1995இல் ஆளுநர் ஜார்ஜ் புஷ் கைத்துப்பாக்கி உரிமச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இப்போது அரசாங்கச் சட்டத் தொகுப்பின் 411.201ஆம் பிரிவு நீதித்துறையினருக்கானது. பணியில் உள்ளவர் உரிமம் பெறத் தகுதியானவர் என்று அது ஒரே வரியில் முடித்துவிடுகிறது. ஓய்வுபெற்றவருக்கோ நிபந்தனைகளை அடுக்குகிறது: பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருக்கக் கூடாது, முந்தைய 5 ஆண்டுகளில் குறிப்பிட்ட சிறு குற்றங்களிலும் தண்டனை கூடாது, வழக்கு நிலுவையில் இருக்கக் கூடாது, போதைக்கு அடிமையாகவோ மனநிலை பிறழ்ந்தவராகவோ இருக்கக் கூடாது. இருவருமே சுடும் தேர்ச்சிச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும்.

ஓய்வுபெற்றவருக்கு விதித்த இந்த நிபந்தனைகள் வெறும் சம்பிரதாயமல்ல என்பதை அதே டெக்சஸின் காஃப்மன் மாவட்டம் காட்டியது. 2013 ஜனவரியில் அங்கே உதவி அரசு வழக்கறிஞர் ஒருவரும், மார்ச்சில் மாவட்ட அரசு வழக்கறிஞர் மைக் மெக்லெலண்டும் அவர் மனைவியும் கொல்லப்பட்டனர். கொன்றவர் திருட்டு வழக்கில் தண்டிக்கப்பட்டுப் பதவி இழந்த முன்னாள் அமைதி நீதிபதி. போகுமிடமெல்லாம் துப்பாக்கி வைத்திருப்பதாக மெக்லெலண்ட் முன்பே செய்தியாளரிடம் சொல்லியிருந்தார். அது அவரைக் காப்பாற்றவில்லை. மாறாக, 2017 ஆகஸ்டில் ஒஹையோ மாநிலத்தின் ஸ்டூபன்வில் நகரில் நீதிமன்றத்துக்கு வெளியே சுடப்பட்ட நீதிபதி ஜோசப் புருசீஸ் தம் துப்பாக்கியால் திருப்பிச் சுட்டார். நன்னடத்தை அதிகாரி ஒருவரும் சுட்டதில் தாக்கியவர் இறந்தார், நீதிபதி பிழைத்தார். துப்பாக்கி காக்கும், காக்காது என்ற இரு தரப்பு வாதத்துக்கும் ஆளுக்கொரு சாட்சி கிடைத்துவிடுகிறது.

கலிஃபோர்னியா வேறு வழியில் சென்றது. சாதாரண உரிமத்துக்கு 2 ஆண்டு, நீதிபதிக்கு 3 ஆண்டு என்று காலவரம்பை மட்டும் நீட்டியது.

2004இல் நாடாளுமன்றம் இயற்றிய கூட்டாட்சிச் சட்டம், பணியில் உள்ள போலீசாரும் ஓய்வுபெற்ற போலீசாரும் எந்த மாநிலத்திலும் மறைத்து ஆயுதம் எடுத்துச் செல்ல வழிசெய்தது. ஓய்வுபெற்றவருக்கு முதலில் 15 ஆண்டு பணி தேவைப்பட்டது. 2010இல் அது 10 ஆனது. நீதிபதிகள் இதில் இல்லை. குற்றவாளியைப் பிடித்தவருக்கு ஓய்விலும் நாடு முழுக்க உரிமை, தண்டித்தவருக்கு மாநில எல்லைக்குள் கிடைப்பது மட்டும் என்பது பொருத்தமான ஏற்பாடாகத் தெரியவில்லை.

தன் எல்லைக்குள்ளாவது இந்த இடைவெளியைத் துணிந்து நிரப்பியது கென்டக்கி. அதன் 527.020ஆம் பிரிவு பணியில் உள்ள நீதிபதியையும் ஓய்வுபெற்றவரையும் ஒரே பட்டியலில் வைக்கிறது. மாநில உரிமம் இருந்தால் எந்நேரமும் மாநிலத்துக்குள் எங்கும் ஆயுதம் வைத்திருக்கலாம். சிறை, காவல் கூடங்களில் மட்டும் அங்குள்ள பொறுப்பாளரின் அனுமதி வேண்டும். ஜார்ஜியாவும் முன்னாள் நீதிபதிகளைத் தன் விலக்குப் பட்டியலில் சேர்த்தது.

ஓய்வுபெற்றவரைத் தேடி வரும் ஆபத்துக்கு விஸ்கான்சின் நிகழ்வைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஜான் ரோமர் 2005இல் ஒருவருக்கு 6 ஆண்டுச் சிறை விதித்தார், 2017இல் ஓய்வுபெற்றார். 2022 ஜூன் 3 அன்று நியூ லிஸ்பன் ஊரில் தம் வீட்டிலேயே, நாற்காலியில் கட்டப்பட்ட நிலையில், அதே ஆளால் கொல்லப்பட்டார். தீர்ப்புக்கும் பழிக்கும் இடையே 17 ஆண்டுகள். அதற்குச் சட்டமன்றம் கண்ட பரிகாரம் ஆயுதமல்ல: 2024இல் நீதிபதிகளின் முகவரி முதலான விவரங்களை மறைக்கும் சட்டம் வந்தது. முன்னோடி நியூ ஜெர்சி. கூட்டாட்சி நீதிபதி எஸ்தர் சாலஸின் மகன் டேனியல் 2020 ஜூலையில் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டபின், அவ்வாண்டு நவம்பரிலேயே டேனியலின் பெயரில் முகவரிப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அது ஓய்வுபெற்ற நீதிபதிகளையும் உள்ளடக்கியது.

2022 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் புரூயன் வழக்கில் 6–3 என்ற பெரும்பான்மையில் நியூயார்க்கின் 'தக்க காரணம்' நிபந்தனையை ரத்து செய்தது. உரிமம் மறுக்கப்பட்டதாக வழக்குத் தொடுத்தவர்களின் மனுக்களை முதலில் பரிசீலித்தவரும் உரிமம் வழங்கும் அதிகாரியாக இருந்த ஒரு நீதிபதிதான். இதற்கிடையே, உரிமமே இல்லாமல் துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதிக்கும் மாநிலங்கள் பெருகி, 2024இல் 29 ஆயின. கென்டக்கி 2019இலும் டெக்சஸ் 2021இலும் ஜார்ஜியா 2022இலும் அவ்வழி வந்தன. ஒரு காலத்தில் நீதிபதி போன்ற சிலருக்கு மட்டும் கிடைத்தது இப்போது அம்மாநிலங்களின் பெரும்பாலான குடிமக்களுக்குக் கிடைக்கிறது. எனவே மிஞ்சியிருப்பது இடம் சார்ந்த சலுகைதான். கென்டக்கியில் கடைத்தெருவில் துப்பாக்கியோடு நடக்க ஓய்வுபெற்ற நீதிபதிக்கு உரிமம் வேண்டாம். 527.020 தரும் 'எங்கும்' என்ற சலுகையைக் கோர மட்டும் அவர் இன்றும் உரிமம் வைத்திருக்க வேண்டும்.