கொல்லைப்புறத்திலிருந்து கேமராவுக்கு

எங்க பெரியம்மா சென்னையில் வீட்டு வேலை பார்த்தவர். அந்த வீட்டுக்குள் அவருக்கு வழி கொல்லைப்புறம்தான். தேய்த்துக் கவிழ்த்த பாத்திரத்தில் தண்ணீர் தெளித்துத்தான் வீட்டுக்காரம்மா உள்ளே எடுப்பார். குடிக்கத் தனி டம்ளர். "நம்ம மூஞ்சியப் பார்த்துக்கூடப் பேச மாட்டாங்கடா" என்பார்.

இன்று அவர் மகள், என் அக்கா, அடுக்குமாடி வீடொன்றில் அதே வேலை பார்க்கிறார். இங்கே பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். கேட்டில் செக்யூரிட்டியின் செல்போன் அவர் வந்த நேரம், போன நேரத்தைப் பதிகிறது. கூடத்தில் ஒரு கேமரா, சமையற்கட்டில் ஒன்று. ஒருநாள் முதுகுவலியில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். அலமாரியிலிருந்து குரல்: "என்ன, உட்கார்ந்துட்ட?" வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து பேசுகிறார்.

"சேலை விலகினா சரிபண்ண ஒரு மூலை இல்லடா. அவங்க பாத்ரூமுக்குள்ள நான் போகக் கூடாது" என்றார் அக்கா. பழைய தீண்டாமையும் புதிய கண்ணும் சேர்ந்தே அவரைக் காவல் காக்கின்றன.

பிறப்பை வைத்துச் சந்தேகிக்க இந்நாட்டில் சட்டமே இருந்தது. 1871இல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911க்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. கைரேகை எடுத்தார்கள், இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வைத்தார்கள். மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். பெருங்காமநல்லூரில் 1920இல் எதிர்த்து நின்றவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். 1952இல் சட்டம் நாடு முழுக்க ஒழிந்தது. சந்தேகம் ஒழியவில்லை. அன்று போலீஸ் வைத்திருந்த ஏட்டை இன்று குடியிருப்போர் சங்கம் வைத்திருக்கிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். யாருடைய அந்தரங்கம்? 2023இல் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் சொந்த அல்லது வீட்டு நோக்கத்துக்குக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது. அக்காவின் உருவம் செல்போனில் கிடப்பதை 'எங்க வீட்டு விஷயம்' என்று சொல்ல இது வழிவிடுகிறது. கூலி கேட்டாலும் அதே பதில்தான். ஆனால் 2013இன் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டையும் பணியிடமாக ஏற்றிருக்கிறது. வீட்டுப் பணியாளருக்கான 2011ஆம் ஆண்டின் 189ஆவது சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கையை மட்டும் இந்தியா இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

வீடு பணியிடம் என்றால் பணியிடத்தின் நியாயம் வேண்டும். கேமரா இருப்பதை முன்பே சொல். பதிவு யாரிடம் இருக்கிறது, எத்தனை நாள் இருக்கும் என்று சொல். திருட்டுப் பழி சுமத்தினால் அதே பதிவை எங்களுக்கும் காட்டு. உட்கார ஓர் இடமும் ஒதுங்க ஒரு கழிப்பறையும் கொடு. எங்க சங்கக் கூட்டத்தில் முதல் கோரிக்கையாக அக்கா எழுதச் சொன்னது அந்தக் கடைசி வரியைத்தான்.