தேக்கு போன பிறகு வந்த எல்லை

பொன்னமராவதிக்குப் பக்கத்திலுள்ள பிரான்மலைதான் பாரியின் பறம்பு என்பது இவ்வட்டாரத்து நம்பிக்கை. மூவேந்தர் முற்றுகையிட்டாலும் பறம்பு பட்டினி கிடக்காது என்பதற்குப் புறநானூற்றில் கபிலர் காட்டும் சான்று, உழாமலே கிடைக்கும் நான்கு பொருள்கள்: மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். ஆனைமலைப் பழங்குடியினரான காடர்களும் கிழங்கையும் தேனையும் நம்பி வாழ்ந்தவர்கள்தாம். உடனே அவர்களைச் சங்ககாலத்தின் மிச்சம் என்று சொல்லத் தோன்றும். அது அவர்களுடைய வரலாற்றையே மறைத்துவிடும். கடந்த இருநூறு ஆண்டுகளில் அந்தக் காட்டை அடியோடு மாற்றியது அரசு. அந்த வேலைக்குக் காடரும், அம்மலையின் இன்னொரு பழங்குடியினரான மலசரும் வேண்டியிருந்தார்கள். காடு பூங்காவானதும் அவர்கள் இடைஞ்சலாகிப் போனார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் தளத்துக்குப் போனது. வெட்டிய மரத்தை மலைச்சரிவில் உருட்டிவிட்ட இடம்தான் இன்று சுற்றுலாப் பயணிகள் திரளும் டாப்சிலிப். மரம் அருகியபின் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி மறுபடி தேக்கு வளர்த்ததை நாம் நன்றியோடு நினைக்கிறோம், நினைக்க வேண்டியதுதான். ஆனால் மரம் இழுத்த யானைகளைப் பழக்கிய மலசர்களின் பெயர் எந்தப் பலகையிலும் பெரிதாக இல்லை. கோழிகமுத்தி யானை முகாமில் இன்றும் பாகன்கள் அவர்களே. காடர்கள் தேனும் மெழுகும் சேகரித்துக் கொடுத்தார்கள். நெடுமரத்தில் மூங்கில் முளைகளை ஒன்றுக்குமேல் ஒன்றாக அடித்து, கீழ் முளையில் கால் ஊன்றி மேல் முளையை அறைந்தபடியே கூடு இருக்கும் உயரத்துக்கு ஏறுவார்கள். இனவரைவியலாளர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலில் இந்த ஏற்றம் பதிவாகியிருக்கிறது. 1976-இல் சரணாலயம், 1989-இல் தேசியப் பூங்கா, 2007-இல் புலிகள் காப்பகம் என்று அறிவிப்புகள் வந்தது இதற்கெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான்.

புலிக்கு ஆளரவமற்ற காடு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், குடியிருப்பைத் தொடர்ந்து சாலையும் கடையும் வருமே என்ற அச்சமும் நியாயமானதே. ஆனால் ஆனைமலையின் பெருஞ்சேதம் காடர் குடிகளால் வந்ததல்ல. தேக்குத் தோட்டங்கள், வால்பாறைத் தேயிலை, பரம்பிக்குளம்-ஆழியாறு அணைகள் ஆகியவற்றால் வந்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும், அதே ஆண்டில் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டமும் கிராமசபையின் ஒப்புதல் இல்லாமல் காப்பகத்துக்குள் இருப்பவர்களை இடம்பெயர்க்கக் கூடாது என்கின்றன. அப்படியிருந்தும், 2019 மழையில் மண் சரிந்து வீடிழந்த கல்லார் குடியிருப்புக் காடர்கள், பக்கத்துத் தெப்பக்குளமேட்டில் குடியேற உரிமை பெறுவதற்கு இரண்டாண்டுகளுக்கு மேல் போராட வேண்டியிருந்தது.