படுத்த ஏடுகள் நிமிர்ந்த வரலாறு

ஒரு பொருளைக் காக்கும் கவசமே அதன் பயனுக்குத் தடையாய் அமைவதும் உண்டு. படையடுக்கான கலப்புப் பெரொவ்ஸ்கைற்றின் வரலாறு இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

1839ஆம் ஆண்டில் ஜேர்மானிய அறிஞர் குஸ்தாவ் ரோஸ், யூரல் மலையிற் கிடைத்த கனிப்பொருளொன்றை ஆராய்ந்து, உருசியப் பிரபு லெவ் பெரொவ்ஸ்கியின் பெயரை அதற்கு இட்டார். அதனை ஒத்த பளிங்கமைப்புடைய பிற பொருள்களும் பின்னர் அப்பெயரையே பெற்றன. அவற்றுள், உலோகமும் அயடீனும் போன்ற அசேதனப் பகுதியோடு காபன் சார்ந்த சேதன மூலக்கூறுகளும் சேர்ந்தவை கலப்புப் பெரொவ்ஸ்கைற்றுக்களாகும்.

சேதன மூலக்கூறுகள் சிறியனவாயின், அசேதன அமைப்பு எத்திசையிலும் தொடர்ந்து செல்லும். அவை நீண்டனவாயின், அசேதனப் பகுதி ஓலைச்சுவடியின் ஏடுகள்போற் பிரிந்துவிடும். ஏடுகளுக்கிடையே சேதனப் படைகள் அமையும். ஏட்டின் வழியே மின் எளிதிற் செல்லும். சேதனப் படையைக் கடந்து அடுத்த ஏட்டை அடைவதோ அரிது.

1994இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் டேவிட் மிற்சியும் அவர்தம் குழுவினரும், வெள்ளீயமும் அயடீனும் கொண்ட ஏடுகளைப் படிப்படியாகத் தடிப்பாக்கினர். ஏடு தடிக்கத் தடிக்க, குறைகடத்தியாயிருந்த பொருள் உலோகம்போல் மின்னைக் கடத்தலாயிற்று. கடத்துதிறனை உயர்த்தும் முதல் வழி இவ்வாறு புலனாயிற்று.

2009இல் ஜப்பானிய அறிஞர் மியசாக்காவின் குழுவினர், ஏடுகளாய்ப் பிரியாத ஈயப் பெரொவ்ஸ்கைற்றைச் சூரிய மின்கலத்திற் பயன்படுத்தினர். அப்பொருளின் திறன் சில ஆண்டுகளிலேயே விரைந்து வளர்ந்தது. ஆயினும், ஈரம் பட்டால் அது சிதைந்தது. மழையிலும் வெயிலிலும் ஆண்டுக்கணக்கில் நிற்கவேண்டிய கலத்துக்கு இது பெருங்குறையன்றோ!

எனவே அறிஞரின் கவனம் மீண்டும் படையடுக்கை நாடியது. கொழும்பில் வளர்ந்து, ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் விளங்கும் ஹேமமாலா கருணாதாசவின் குழுவினர், படையடுக்குப் பெரொவ்ஸ்கைற்று ஈரத்தை நன்கு தாங்குவதை 2014இற் காட்டினர். ஆனால் அக்கலத்தின் திறன் நூற்றுக்கு 4.73 மாத்திரமே. ஈரத்தைத் தடுத்த சேதனப் படைகள் மின்னையும் தடுத்தன.

2016இல் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தாரும் அவர்தம் துணைவரும், கரைசலைச் சூடேற்றிய தட்டின்மேல் வார்த்து மென்படலமாக்கினர். படுத்துக் கிடக்க வேண்டிய ஏடுகள், தட்டுக்குச் செங்குத்தாய் நிமிர்ந்து நின்றன. மேலிருந்து கீழாகச் செல்லவேண்டிய மின், சேதனப் படையைக் கடக்காது, ஏட்டின் வழியே சென்றது. திறன் நூற்றுக்கு 12.52ஆக உயர்ந்தது. உறையிடாத கலங்களும் 2,250 மணித்தியால ஒளியைத் தாங்கி, தம் திறனில் நூற்றுக்கு அறுபதுக்கு மேலானதைக் காத்துக்கொண்டன.

கவசத்தைக் களையாமலே மின்னுக்கு வழி திறக்கலாம் என்பதனை இவ்வுழைப்பு உணர்த்திற்று. பொருளின் குணத்தை அறிந்தால் மட்டும் போதாது. அதனை அடுக்கும் முறையையும் அறிதல் வேண்டும்.